சும்மா கிடக்கிற கயிறு

அண்ணே, அந்த ஓஸ் குழாயைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்கிறீர்களா? ஆமாம், அந்தக் கறுப்புச் சுருள்தான். ஜன்னலோரம் காலியாக இருக்கிறது, உட்கார்ந்துகொள்கிறேன். அவசரமில்லை, மெதுவாகவே எடுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் கத்தினால் கத்தட்டும்.

அப்பாடா. நான் வத்தலக்குண்டு வரைக்கும். நீங்களும் அங்கேதானா? நல்லதாகப் போயிற்று. இந்த வளைவுகளில் பேச்சுத்துணை இல்லாமல் இறங்கினால் எனக்கு வழியே நகராது.

மருந்தடிக்கிற ஓஸ்ஸா? ஓட்டை விழுந்துவிட்டதா? இதே அளவு கடையில் கிடைக்கும், கவலைப்படாதீர்கள். நானா? நான் கல்லுக்காடு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறேன். சும்மா டிராக்டர் இல்லை, பின்னால் வின்ச்சு மாட்டினது. வெட்டின மரத்தைத் தடி தடியாக இழுத்து ரோட்டுக்குக் கொண்டு வருகிற வேலை. கிரீஸ் வாங்கத்தான் கீழே போகிறேன். பையா? பெரிதாகத் தெரிகிறதா? துணி கொஞ்சம் கிடக்கிறது. துவைக்க வேண்டியது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஓ. கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதே எஸ்டேட்தான். புரட்டாசியில் ஓர் ஆள் போய்விட்டான் என்று பேசிக்கொண்டார்களே, அதேதான். அந்த டிரைவர் நான்தான். வேறு சீட்டில் உட்கார வேண்டுமென்றால் உட்காருங்கள் அண்ணே, நான் தப்பாக நினைக்க மாட்டேன். இல்லையா? சரி.

அப்படியென்றால் முழுசாகக் கேட்டுவிடுங்கள். இதுவரைக்கும் ஒருவரும் என்னிடம் முழுசாகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

என் பெயர் இளங்கோவன். எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது. சகுனம், ராகுகாலம் எதுவும் கிடையாது. பூனை குறுக்கே போனால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது என்பார். அப்படி வளர்ந்தவன் நான். ஆனால் அடுத்தவரை நோகச் சொன்னவன் இல்லை. குரலை உயர்த்திப் பேசினவனும் இல்லை. இந்தப் பஸ்ஸில்கூடப் பாருங்கள், நீங்கள் காதைக் கிட்டே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் யாரையும் திட்டவில்லை.

வின்ச்சு என்றால் கிணற்று ராட்டினம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் முதுகில் ஓர் உருளை. அதில் எண்பது மீட்டர் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். டிராக்டரைப் பாதையிலேயே நிறுத்தி, பின்னால் இருக்கிற தகட்டைத் தரையில் இறக்கி ஊன்றிவிட வேண்டும். பிறகு கயிறைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், தடியின் மூக்கில் சங்கிலி போட்டு மாட்ட வேண்டும். நான் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு சின்னக் கயிறைப் பிடித்து இழுத்தால் உருளை சுற்றும். விட்டால் நிற்கும். தடி தானாக வந்து சேரும். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் அண்ணே. டிராக்டர் உள்ளே போனால் காப்பிச் செடி ஒடியும். கயிறு போனால் ஒடியாது. அதற்குத்தான் வின்ச்சு.

இதற்கென்று கோயம்புத்தூரில் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய் வந்தேன். கல்லுக்காட்டில் வேறு யாரும் போகவில்லை. ஒரு புத்தகம் கொடுத்தார்கள், படம் போட்டது. இந்தப் பையில்தான் இருக்கிறது. உருளையில் மூன்று சுற்றாவது கயிறு மிச்சமிருக்க வேண்டும். வெறும் கையால் கயிறைத் தொடக் கூடாது, பிரிந்த கம்பி சதையைக் கிழிக்கும். வண்டியும் தடியும் ஒரே நேராக இருக்க வேண்டும், கோணலாக இழுத்தால் வண்டி சாயும். ஒரே ஆள்தான் சைகை காட்ட வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகக் கை ஆட்டக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். எதையும் மீறினதில்லை.

கயிறு புதுசாக வந்து இறங்கின அன்றைக்கே தொடங்கியது வினை.

மேஸ்திரி கருத்தப்பாண்டி, எங்கள் ஆட்களுக்கெல்லாம் பெரியவர், கயிறை வண்டியில் மாட்ட விடவில்லை. "மொதல்ல கருப்பன் பாக்கட்டும் டிரைவரே" என்றார். எஸ்டேட் எல்லையில் ஒரு கருப்பசாமி இருக்கிறது. நாலு அரிவாள், ஒரு மணி, அவ்வளவுதான். அங்கே கொண்டு போய்க் கயிற்றுச் சுருளை வைத்து, மஞ்சள் துணி கட்டி, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வெட்டி ஒரு பூசை. நான் தூரத்தில் நின்றுகொண்டேன். அவர்கள் நம்பிக்கை, அவர்கள் பாடு. சந்தனம் பட்டு இரும்பு ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆனால் அதோடு நிற்கவில்லை. சாமி பார்த்த கயிறாம். அதைக் காலால் தாண்டக் கூடாதாம். படுத்திருக்கிற பெரியவர்களைத் தாண்டக் கூடாது என்பார்களே, அந்த மாதிரி. இறுகியிருந்தாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, ஒருவரும் தாண்ட மாட்டார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். கயிறு காட்டை இரண்டாகப் பிரித்துக் கிடக்கும். இந்தப் பக்கம் தடி அடுக்குகிற இடம், அந்தப் பக்கம் மரம் வெட்டுகிற இடம். அங்கிருந்து இங்கே வர வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? ஓர் எட்டு வைத்தால் வந்துவிடலாம். வைக்க மாட்டார்கள். அவ்வளவு மேட்டையும் இறங்கி, டிராக்டர் வரைக்கும் வந்து, என் முன்னாலேயே போய், டிராக்டர் மூக்கைச் சுற்றி, மறுபடி மேலே ஏறுவார்கள். போகிறபோது பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வேறு. "டிரைவரே, வெத்தல இருக்கா?" "டிரைவரே, மணி என்னாச்சு?" ஒவ்வொருவனும் ஒரு பேச்சு. அந்த ஆள் போய்ச் சேருகிறவரைக்கும் நான் கயிறை இழுக்க முடியாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை. பாதி வேலை நேரம் அதிலேயே போனது.

மழை பிடிப்பதற்குள் நூற்று நாற்பது மரம் இறக்க வேண்டும். முதலாளி சொல்லிவிட்டார். லாரிக்காரன் கீழே ஆரன் அடித்துக்கொண்டே நிற்பான்.

சடையாண்டி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடிக்குச் சங்கிலி போடுகிறவர் அவர்தான். நாற்பது வயது இருக்கும். ஒல்லி, ஆனால் நாலு சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறுவார். குடி கிடையாது, பீடி கிடையாது. வெற்றிலை மட்டும். அவர் சங்கிலி போட்டால் தடி வழியில் நழுவாது. அவர் பெண்சாதி வீரக்காளுக்கும் அங்கேதான் கிளை கழிக்கிற வேலை. பிறகு முத்தழகு. சைகை காட்டுகிறவன். நடு மேட்டில் சிவப்புத் துண்டோடு நிற்பான். துண்டைத் தூக்கினால் இழு. இறக்கினால் நிறுத்து. ஒரே ஆள்தான் சைகை, புத்தகத்தில் உள்ளபடி.

ஒரு நாள், ஆவணியில், மத்தியானம். சடையாண்டி அண்ணன் நாலு சங்கிலியைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும். கயிறு தளர்ந்து புல்லுக்குள் கிடக்கிறது. அவர் நின்ற இடத்திலிருந்து ஓர் எட்டுதான். அந்த மனிதர் திரும்பிக் கீழே இறங்குகிறார். அந்தச் சுமையோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அவ்வளவுதான்.

"அண்ணே, அது கயிறு. கடிக்காது" என்றேன்.

"கடிக்காது தம்பி. ஆனா சாமி பாத்தது" என்றார்.

"உங்க சாமி பாக்குறதுக்கு முன்னாடி மில்லுக்காரன் பாத்துட்டான். எத்தனை பேர் மிதிச்சுச் செஞ்சாங்களோ."

முத்தழகு மேட்டிலிருந்து ஓவென்று சிரித்தான். எல்லோரும் பார்த்தார்கள். சரி, இவர்களுக்குப் புரிகிற மாதிரி காட்டிவிடுவோம் என்று நான் மேலே ஏறிப் போனேன். பூட்ஸோடு கயிறைத் தாண்டினேன். திரும்பி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். மூன்று தடவை. "பாத்தீங்களா? எனக்கு எதாவது ஆச்சா?" என்றேன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். யாரையும் நீ தாண்டு என்று சொல்லவில்லை. அதுதான் முக்கியம். நான் காட்டினேன். சொல்லவில்லை.

கருத்தப்பாண்டி மட்டும், "வெளாட்டு வேணாம் டிரைவரே" என்றார். பிறகு லாரி ஆரன் அடித்தது. அவரும் பேசாமல் போய்விட்டார். அவருக்கும் மரம் இறங்க வேண்டும் இல்லையா?

முதலில் தாண்டினவன் முத்தழகு. அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். ஒரு வாரத்தில் எல்லோரும் தாண்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கயிறு தாண்டுகிற மாதிரி குதித்துக்கூடப் போனார்கள். வேலை எப்படி ஓடியது தெரியுமா? ஒரு நாளைக்கு ஏழு தடி இழுத்த இடத்தில் பதினோரு தடி. முதலாளி எனக்குக் கை கொடுத்தார். என் முன்னால் வந்து வெற்றிலை கேட்கிறவன், மணி கேட்கிறவன் ஒருவரும் இல்லை. நான் பாட்டுக்கு நிற்பேன், துண்டைப் பார்ப்பேன், இழுப்பேன். யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்கிற கவலையே இல்லை.

சடையாண்டி அண்ணன் மட்டும் சுற்றினார். பன்னிரண்டு நாள் சுற்றினார். முத்தழகு விடுவானா? "மச்சான் ரோந்து கெளம்பிட்டாரு." "யக்கா வீரக்கா, ஒம் புருசனுக்கு இந்த மலைய எழுதிக் குடுத்துட்டாங்களா, எல்லை அளந்துக்கிட்டே இருக்காரு?" வீரக்காள் அரிவாளை ஓங்கிக் காட்டும். "அளந்தா ஒனக்கென்னடா, நீ குரங்கு மாதிரி குதி" என்று பதில் சொல்லும். எல்லாம் தமாஷ்தான் அண்ணே. யாரும் யாரையும் புண்படுத்தவில்லை. சடையாண்டி அண்ணனும் சிரிப்பார்.

பதின்மூன்றாம் நாள் ஒரு பெரிய தடி பாதி வழியில் புரண்டு நின்றுவிட்டது. லாரிக்காரன் மேலேயே ஏறி வந்து கத்துகிறான். சடையாண்டி அண்ணன் அந்தப் பக்கம். சங்கிலியை மாற்றிப் போட வேண்டும். "சீக்கிரம் வாங்கண்ணே" என்று கை காட்டினேன். வரச் சொன்னேன். தாண்டி வா என்று சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கீழே டிராக்டரைப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குனிந்து கயிறைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அதற்குப் பிறகுதான் தாண்டினார். செருப்பு அந்தப் பக்கமே கிடந்தது. வேலை முடிந்து வந்து போட்டுக்கொண்டார்.

அதன்பின் எப்போதும் அப்படித்தான். தாண்டுவார், ஆனால் செருப்பைக் கழற்றி, குனிந்து, தொட்டு. மற்றவர்கள் ஒரே எட்டில் போகிற இடத்தில் இவர் ஒரு பூசையே பண்ணிவிட்டுப் போவார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் பழக்கத்தை ஒரேயடியாக மாற்ற முடியுமா?

இந்த வளைவில் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே. இந்த டிரைவர் கொஞ்சம் வேகமாக ஒடிப்பார். உங்கள் ஓஸ் மறுபடி பிரிகிறது பாருங்கள். சரி, இருக்கட்டும். பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மணி என்ன? பத்து ஆகப் போகிறதா?

ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன்.

புரட்டாசி. இரண்டாம் வியாழக்கிழமை. அன்றைக்கு மூன்றாவது தடி. இழுத்துக்கொண்டு வருகிறபோது ஒரு பழைய மரத்தின் அடிக்கட்டையில் தடியின் மூக்கு முட்டிவிட்டது. முட்டினால் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும். அதனால் நிறுத்தினேன். கயிறைத் தளர்த்தினேன். புத்தகத்தில் உள்ளபடி. சடையாண்டி அண்ணன் போய்ச் சங்கிலியை மாற்றிப் போட்டார். கடப்பாரையால் நெம்பி மூக்கைத் திருப்பி வைத்தார். இந்தப் பக்கம் வந்துவிட்டார். முத்தழகு பார்த்தான், அவர் ஒதுங்கிவிட்டார் என்று. துண்டைத் தூக்கினான். நான் இழுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, நீங்களே தேடிப் பாருங்கள்.

அவர் கடப்பாரையை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஞாபகம் வந்து திரும்பியிருக்கிறார். காப்பிச் செடி ஆள் உயரம் நிற்கிறது. முத்தழகுக்குத் தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்? நான் கீழே டிராக்டர் பக்கத்தில் நிற்கிறேன். அவர் என் கண்ணில் பட வேண்டுமென்றால் கீழே இறங்கி என் முன்னால் வந்திருக்க வேண்டும். வந்தாரா? வரவில்லை. வராத ஆளை நான் எப்படிப் பார்ப்பேன்?

கயிறு இறுகுகிறபோது சத்தம் வராது அண்ணே. எஞ்சின் சத்தம்தான். புல்லுக்குள் கிடந்த கயிறு ஒரு நொடியில் நெஞ்சு உயரத்துக்கு எழும்பும், துணி காயப்போடுகிற கொடி மாதிரி. மற்றவர்களாக இருந்தால் அந்த நொடியில் தாண்டிப் போயிருப்பார்கள். ஓர் எட்டுதானே? இவர் குனிந்திருக்கிறார். தொட்டுக் கும்பிடக் குனிந்திருக்கிறார். முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன். அவரைக் கொன்றது கயிறு இல்லை. நானும் இல்லை. அந்தக் கும்பிடு. அந்தக் கும்பிடு இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் சங்கிலி போட்டுக்கொண்டிருப்பார். யோசித்துப் பாருங்கள், நான் சொல்வதில் நியாயம் இருக்கிறதா இல்லையா? தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள். பரவாயில்லை.

வீரக்காள் மேல் சரிவில் கிளை கழித்துக்கொண்டிருந்தது. அது மட்டும்தான் பார்த்தது. கத்தியிருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். தடி நல்லபடியாக வந்துகொண்டிருந்தது. அழகாக வந்தது. பிறகு முத்தழகு துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அவன் இறக்கவில்லை, போட்டுவிட்டான். அதற்குப் புத்தகத்தில் அர்த்தம் இல்லை. இருந்தாலும் நிறுத்தினேன்.

ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். இதே ரோடுதான். வீரக்காள் மடியில் தலை. முந்தானையை வைத்து முகத்தை மூடியிருந்தது. மூன்றாவது வளைவு தாண்டுகிறபோது, "மெல்லப் போங்க, இனி அவசரமில்ல" என்று அது சொன்னது. அழவில்லை. அப்படித்தான் சொன்னது. ஜீப் டிரைவர் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத்தான் போனோம்.

சாயங்காலம் நான் அந்த இடத்துக்குப் போனேன். கயிறைச் சுற்ற வேண்டுமே, மழை வருகிறதே என்று. கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவர் செருப்பு இரண்டும் இருந்தது. ஜோடியாக. கோயில் வாசலில் விட்ட மாதிரி. கயிறை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அது என்னமோ. மழை வருவது போலிருந்தது, அதனால்தான்.

விசாரணைக்கு ஆள் வந்தார்கள். என்னைக் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். "சைகை கொடுத்த பிறகு யாரிடமும் சொல்லாமல் கயிற்றுப் பாதைக்குள் வந்துவிட்டார்" என்றேன். பொய்யா? பொய்யில்லை. அவர்கள் அதைக் 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டார்கள். எழுதினது அவர்கள், நான் இல்லை. வெளியே யாரோ, அவர் குடித்திருந்தார் என்று கதை கட்டிவிட்டார்கள். அதுவும் நான் இல்லை. நான் மறுக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். யாரும் என்னைக் கேட்கவில்லையே.

புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. கேட்டீர்களா? இல்லை, நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஓர் ஆள் காலைத் தூக்கிக் கயிறைத் தாண்டுகிற மாதிரி படம். அதன் மேலே சிவப்பில் பெருக்கல் குறி. அது இழுத்துக்கொண்டிருக்கிற கயிற்றுக்குச் சொன்னது. சும்மா கிடக்கிற கயிற்றுக்கு இல்லை. படத்தில் கயிறு இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று தெரியாதுதான். வெறும் கோடு. ஆனால் புத்தி இருக்கிறவனுக்குப் புரியும். நான் இந்தப் படத்தை விசாரணையில் காட்டவில்லை. எதற்கு வீணாக?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வீரக்காள் என் லைன் வீட்டுக்கு வந்தது. வாசலிலேயே நின்றது. உள்ளே வா என்றால் வரவில்லை.

"எனக்கு ஒங்ககிட்ட எதுவும் வேணாம் தம்பி" என்றது. "ஒரு சொல்லு போதும்."

"என்ன சொல்லுக்கா?"

"எம் மவன் நாலாப்புப் படிக்கிறான். குடிச்சுப்புட்டு விழுந்தவன் மகன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்களாம். எழுதுன காயிதத்துலயும் அவரு மேலதான் தப்புன்னு இருக்காம். பன்னெண்டு நாளு சுத்துனாரு தம்பி. எல்லாரும் சிரிக்கச் சிரிக்கச் சுத்துனாரு. அவரு தானா தாண்டல. நாந்தான் தாண்ட வச்சேன்னு நீங்க எல்லாரு முன்னாடியும் ஒரு சொல்லு சொல்லிருங்க. எம் மவனும் நிப்பான். அவன் கேக்கணும்."

"நான் தாண்டச் சொல்லலையேக்கா" என்றேன்.

"சொல்லல" என்றது. "சிரிச்சீங்க."

பாருங்கள் அண்ணே. சிரித்ததற்கு ஒரு மனிதன் பொறுப்பேற்க முடியுமா? கருத்தப்பாண்டியும் வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கருப்பன் கோயிலுக்கு வாங்க, எல்லோரும் கூடியிருப்போம், ஒரே ஒரு வாக்கியம், அதோடு விட்டுவிடலாம், நீங்களும் மறுபடி வண்டியைத் தொடலாம் என்றார். நான் அவரைக் கேட்டேன், நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று. "ஆமா. நானும் அங்க நின்னு சொல்லத்தான் போறேன்" என்றார். அவர் சொல்லிக்கொள்ளட்டும். அவருக்குச் சாமி உண்டு. எனக்கு இல்லை. இல்லாத சாமி முன்னால் போய், செய்யாத தப்பை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நாளைக்கு அதையே பிடித்துக்கொண்டு கேஸ் போட்டால்?

நேற்றுப் போய் வண்டியைப் பார்த்தேன். ஷெட்டில் நிற்கிறது. கயிறை யாரோ சுற்றி வைத்திருக்கிறார்கள், கோணல் மாணலாக. உருளையில் ஒழுங்காக அடுக்கிச் சுற்றாவிட்டால் அடுத்த தடவை இழுக்கிறபோது சிக்கிக்கொள்ளும். மஞ்சள் துணி இன்னும் கொக்கியில் இருந்தது. மழையில் வெளுத்துப்போய். கயிறைப் பிரித்துத் திரும்பச் சுற்றலாம் என்று நினைத்தேன். பிரிக்கவில்லை.

ஆமாம் அண்ணே. இன்றைக்கு வெள்ளிக்கிழமைதான்.

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பையில் இருப்பது எல்லாத் துணியும்தான். கிரீஸும் வாங்கத்தான் வேண்டும். வேறு எங்கேயாவது வண்டி ஓட்டினாலும் கிரீஸ் தேவைப்படும் இல்லையா? ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் ஆள் கூப்பிட்டிருக்கிறார். சமவெளி. மரம் இல்லை. வெறும் உழவு.

மணி என்ன ஆச்சு? பத்தரை தாண்டிவிட்டதா? அப்படியென்றால் கூட்டம் கலைந்திருக்கும். எவ்வளவு நேரம் நிற்பார்கள்? லாரி வந்திருக்கும். கருத்தப்பாண்டி சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பார். அந்தப் பொம்பளை மட்டும் உட்கார்ந்திருக்கும். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பக்கத்தில் உட்கார வைத்திருக்கும். ரோட்டைப் பார்த்தபடி. அது அப்படித்தான், சட்டென்று எழுந்து போகாது.

வத்தலக்குண்டு வந்துவிட்டது. நான் இந்த ஸ்டாப்பிலேயே இறங்குகிறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேண்டாம். எதிரே நிற்கிறதே, அது மலைக்கு ஏறுகிற பஸ். ஆமாம், கல்லுக்காட்டு வழியாகத்தான் போகும். இல்லை, அதில் ஏறவில்லை. கேட்டீர்களே என்று சொன்னேன்.

கொஞ்சம் வழி விடுங்கள். உங்கள் ஓஸ் நடுவில் கிடக்கிறது பாருங்கள், பின்வாசல் வரைக்கும் ஓடிவிட்டது. கண்டக்டர், இருங்க, இறங்கணும். தாண்டி வருவதா? இல்லை அண்ணே. தெரியும், ஓஸ்தான். எல்லோரும் தாண்டித்தான் போகிறார்கள், பார்க்கிறேன். எனக்கு மூட்டு வலி. காலைத் தூக்க முடியாது. ஒரு மாதமாக இப்படித்தான்.

வேண்டாம், நீங்கள் குனிந்து எடுக்க வேண்டாம்! குனியாதீர்கள். வண்டி ஆடுகிறது. உட்காருங்கள் அண்ணே, சொன்னால் கேளுங்கள். நான் முன்வாசல் வழியாகப் போய்விடுகிறேன். கொஞ்சம் சுற்றுதான், பரவாயில்லை. டிரைவர் கண்ணெதிரே போய் இறங்குவதுதான் நல்லது. இல்லையென்றால் ஆள் இறங்கிவிட்டானா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?